அண்டாவுக்கு நாலு பிடி

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அலுவலக மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே, ஆள் பாராட்ட வரவில்லை என்பது கம்பெனியை நடத்தும் வீட்டின் மருமகளுக்குப் புரிந்துவிட்டது. பாராட்ட வருபவர்கள் காலி ஜாடியோடு வந்து இன்னொன்று கேட்பார்கள். இது கால்வாசிகூடக் குறையவில்லை.

"என் பொண்ணுக்கு ஒன்பது வயசு," என்றார் அவர். "கடலை ஆகாது. பொறந்ததுல இருந்தே ஆகாது. போன வாரம் ரொட்டில உங்க மிளகாய் விழுதைத் தடவிக் கேட்டா, கொடுத்தேன். பத்து நிமிஷத்துல உதடு வீங்கிடுச்சு. அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம்."

"இப்ப எப்படி இருக்கா?"

"வீட்டுக்கு வந்துட்டா. பேசினா இருமல் வருது." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "லேப்ல கொடுத்துப் பார்த்தேன். நிலக்கடலைன்னு வந்திருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்துட்டேன். சத்தம் போட வரல நான். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உங்க லேபிளப் படிச்சுட்டுத்தான் வாங்கினேன். ரெண்டு தடவை படிச்சேன். எதையுமே ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் வாங்குவேன்."

மருமகள் அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "சார், எங்க ஃபாக்டரில கடலையே கிடையாது. ஒரு கடலைகூட உள்ள வராது."

இதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைமேல் ஆணையிடச் சொல்லியிருந்தாலும் அந்த நிமிடம் தயங்காமல் இட்டிருப்பாள். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அப்படித்தான்.

கம்பெனி என்றால் பிரமாதமாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய அச்சகத்தை வாங்கி, தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஆறு அண்டாவும் நான்கு கிரைண்டரும் போட்ட இடம். மழை பெய்தால் இன்னும் சுவரிலிருந்து மை வாசம் வரும். மாமியாரின் கைப்பக்குவத்தில் மிளகாய் விழுது, பூண்டு விழுது, எலுமிச்சை ஊறுகாய் என்று மூன்றே சரக்கு. ஆனால் ஊரில் அதற்குப் பெயர் வந்தது ருசியால் மட்டுமில்லை. வேலை செய்யும் முப்பத்தெட்டுப் பெண்களும் வேறு எங்கேயும் வேலை கிடைக்காதவர்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், குடியை விட்டுவிட்டுக் கை நடுங்க வந்து நின்றவர்கள். எதற்காக உள்ளே போனாய் என்று யாரையும் கேட்கக்கூடாது, வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மருமகள் போட்ட சட்டம். ஜாடியின் முன்பக்கத்தில் உள்ளே இருக்கும் எட்டுப் பொருளையும் தடித்த எழுத்தில் போட்டு, மேலே 'ஒளிவு மறைவு இல்லை' என்று எழுதியதும் அவள்தான். அந்த வரியை நினைத்து எட்டு வருடமாகக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஜாடிக்காரர் போனதும் அவள் எல்லாரையும் கிரைண்டர் கூடத்தில் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். முப்பத்தேழு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே ஒருத்தியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அங்கே குண்டூசி என்று பெயர். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவள். மிளகாய் கிரைண்டர் அவள் பொறுப்பு. ஜாடியின் பின்பக்கத்தில் இரண்டு கைகளின் படம் இருக்கிறதே, அது அவளுடைய கைகள். "மூஞ்சியப் போட்டா விக்காதுன்னு கையோட நிறுத்திட்டாங்க," என்று சொல்லிச் சிரிப்பாள். வேலை நேரத்தில் வறுத்த கடலையைப் பொட்டலமாக இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவாள். இரண்டு முறை பிடிபட்டு, இரண்டு முறையும் "இனிமே இல்ல அக்கா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள்; அதோடு விட்டுவிட்டாள் என்றே மருமகள் நம்பியிருந்தாள். இன்று கூட்டத்திலிருந்து விலகி வந்து நின்றாள்.

"நான்தான் அக்கா," என்றாள். "வேற யார்கிட்டயும் கடலை இல்ல. என்கிட்டதான் இருந்துச்சு. குனிஞ்சப்ப விழுந்திருக்கும். அந்தப் புள்ள பொழைச்சுக்கிச்சா?"

"வீட்டுக்கு வந்துட்டாளாம்."

குண்டூசி தன் கைகள் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு மகள், அரசு விடுதியில். அடுத்த திங்கட்கிழமை வேலைக் கடிதமும் நன்னடத்தைக் கடிதமும் கொடுத்தால் மகளை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். இரண்டையும் எழுதித் தர வேண்டியவள் மருமகள். இந்த நிலைமையில் என்ன எழுதுவது என்று அவளுக்கு ஓடவில்லை. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது. அது டீ மணி. இந்த மணிக்கு ஒரு கதை உண்டு.

ரொம்ப வருடங்களுக்கு முன்னால், மாமியார் வீட்டு அடுப்பில் விழுது கிளறி விற்ற காலத்தில், தொழில் கூட்டுக்கு வந்த ஒருவர் செய்முறை முழுவதையும் எழுதிக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருவிலேயே கடை போட்டார். அவர் விழுது ஆறு மாதம்கூட ஓடவில்லை. காரணம், கடைசியில் ஒரு பிடி பொடி போடுவதை மாமியார் அவர் கண்ணில் படாமல் செய்திருந்தாள். அன்றிலிருந்து அது குடும்பத்துக் கட்டுப்பாடு ஆகிவிட்டது. பொடியை மாமியார் வீட்டில் தன் கையால் அரைத்து எவர்சில்வர் டப்பாவில் அனுப்புவாள். அண்டா இறங்கியதும் மணி அடித்து எல்லாரையும் டீக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்து ஆள் ஒருவர் அண்டாவுக்கு நாலு பிடி போட வேண்டும். பதினோரு வருடமாக அந்தக் கை மருமகளுடையது. "கதவைச் சாத்திட்டு விழுதுகிட்ட 'தாயே, நல்லபடியா வித்துடு'ன்னு அக்கா கெஞ்சுவாங்க," என்று குண்டூசி டீக்கடையில் சொல்வது மருமகள் காதுக்கும் வந்திருக்கிறது.

கதவைச் சாத்தினாள். டப்பாவைத் திறந்தாள். மனம் முழுக்கக் குண்டூசிக்கு எழுத வேண்டிய கடிதத்தில் இருந்தது. ஒரு பிடி போட்டாள். இரண்டு பிடி போட்டாள். மூன்றாவது பிடியை அண்டாவுக்கு மேலே நீட்டியபோது கை அப்படியே நின்றுவிட்டது.

வறுத்த நிலக்கடலை. தோல் நீக்கி, மாவாக அரைத்தது. அது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. முதல் நாளே மாமியார் சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் சரக்கறைச் சீட்டில் அது கிடையாது. லேபிளுக்கு எழுதியபோது அவள் சரக்கறைச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். டப்பாவில் வருவது அவள் மனதில் ஒரு சாமானாகவே பதிந்திருக்கவில்லை. அது அத்தையின் பொடி, அவ்வளவுதான். வாசலில் வாங்கி, கதவைச் சாத்தி, போட்டு, மறந்துவிடும் காரியம். வேலைக்காரர்களிடம் மறைக்கத் தொடங்கிய விஷயத்தைக் கடைசியில் தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்டாள்.

 பிடியிலிருந்ததை டப்பாவில் திருப்பிக் கொட்டினாள். விரலிடுக்கில் ஒட்டியதை முந்தானையில் துடைத்தாள், பிறகு குழாயடியில் போய் முழங்கைவரை கழுவினாள். டீ முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது, இன்றைய அண்டா மொத்தத்தையும் கொட்டிவிடச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குண்டூசியின் கடலை அதிலும் விழுந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். குண்டூசியும் அப்படியே நினைத்து, தானே முன்னால் வந்து அண்டாவைச் சாய்த்தாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். விற்பனை, கடைகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல மனிதன்தான். சிறை வாசலில் போய் நின்று பெண்களுக்கு வேலை தருகிறேன் என்று முதலில் சொன்னவனே அவன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"யாருக்குத் தெரியும்?"

"நமக்கும் அத்தைக்கும்."

"அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வராங்க. தொழிலாளி கவனக்குறைவுன்னு அறிக்கை தயார் பண்ணிடறேன். இனிமே அந்தப் பொடியே வேணாம், நிறுத்திடலாம்."

"கடையில இருக்கிற ஜாடி?"

அவன் சாத்திய ஜன்னலின் கொக்கியை மாட்டினான்.

"குண்டூசி?"

"ஒத்துக்கிட்டாளே. நாம ஒண்ணும் அவ வாயில திணிக்கலயே." அவன் குரல் தாழ்ந்தது. "இங்க பாரு. உண்மையச் சொன்னா எட்டு வருஷத்து லேபிள் பொய்யின்னு ஆயிடும். சீல் வச்சுடுவாங்க. முப்பத்தெட்டு பேர் நாளைக்கு எங்க போவாங்க? ஒருத்திக்காகவா எல்லாரையும் தெருவுல நிறுத்தப் போறே? அவளுக்கு வேற எங்கயாவது சொல்லி வேலை வாங்கித் தரலாம்."

  அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். தூக்கம் வருவேனா என்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, வாடிக்கையாளர் கடிதக் கோப்பை எடுத்துப் புரட்டினாள். நாலு வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்று இருந்தது. 'உங்கள் விழுது சாப்பிட்டதும் என் மகனுக்குத் தொண்டை அரித்து உடம்பெல்லாம் தடித்தது.' அதன் பின்னாலேயே அவள் எழுதிய பதிலின் நகல். 'காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம். அன்பளிப்பாக ஒரு ஜாடி அனுப்பியுள்ளோம்.' இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போல் இன்னொன்று. அதற்கும் ஒரு ஜாடி அனுப்பியிருந்தாள்.

கோப்பை மூடிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடை. அங்கே பதினொரு ஜாடி இருந்தது, பதினொன்றையும் வாங்கினாள். அடுத்து மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடை, பிறகு பள்ளிக்கூடத் தெரு, பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒரு கடையில் சில்லறை வாங்காமல் ஓடினாள். இன்னொன்றில் முன்னால் நின்ற பெண் கையில் எடுத்துவிட்ட ஜாடியைக் கேட்டு வாங்கினாள். அந்தப் பெண் இவளை ஒரு மாதிரிதான் பார்த்தாள்.

"என்னம்மா இது, உங்க சரக்க நீங்களே வாங்கறீங்க?" என்றார் ஒரு கடைக்காரர். "விக்கறதில்லன்னு வீட்டுக்காரர் திட்டறாரா? இப்படி வாங்கித்தான் கணக்குக் காட்டணுமா?"

"ஒரு விசேஷத்துக்கு வேணும்."

"என்ன விசேஷம், இவ்வளவு காரமா?"

அவள் சிரித்துவைத்தாள். அட்டைப்பெட்டி கனத்தது. செவ்வாயும் புதனும் சேர்த்து இருபத்திரண்டு கடை ஏறி இறங்கிவிட்டாள். வண்டியின் டிக்கி நிறைந்து, பின்சீட்டும் நிறைந்தது. ஆனால் வெளியூர்க் கடைகள் இருந்தன. வீட்டு அலமாரிகளில் திறந்து வைத்த ஜாடிகள் இருந்தன. அதையெல்லாம் எந்தக் காரில் ஏற்றுவது என்று நினைத்தபோது பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

ஃபாக்டரிக்குத் திரும்பினால் அங்கே குண்டூசி கிரைண்டரைக் கழற்றிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் மத்தியானம் தேய்த்ததையே புதன் காலையிலும் தேய்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிக் கை வெளுத்துப் போயிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்காராமல் தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கேலிக்கு அவளையே நம்பியிருந்த கூடத்தில் பேச்சுமூச்சில்லை.

"போதும், விடுங்க. சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் மருமகள்.

"இன்னும் ஒரு தடவை அக்கா. ஓரத்துல எங்கயாவது ஒட்டியிருக்கும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'ஓரத்தில் ஒன்றும் ஒட்டியிருக்காது, அது உங்கள் கடலை இல்லை' என்று இரண்டு வாக்கியம். வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். இதற்காக அவள் தன்னை எப்போதாவது மன்னித்துக்கொள்வாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

புதன் சாயங்காலம் மாமியாரிடம் போனாள். மாமியார் அடுக்களையில் முறத்தில் கடலையைப் பரப்பித் தோல் ஊதிக்கொண்டிருந்தாள். மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் ஊதுவதை நிறுத்தவில்லை.

"கடலை தின்னு யாராவது மூச்சு முட்டுவாங்களா?"

"முட்டும் அத்தை. சில பேருக்கு உயிரே போயிடும்."

"நான் இத்தனை வருஷமா கேள்விப்பட்டதில்லயே."

"நானும் அப்படித்தான் இருந்துட்டேன்."

முறம் நின்றது. மாமியாரின் பார்வை அவள் முகத்தில் நிலைத்தது. "நீ கதவைச் சாத்திட்டுத்தானே போட்டே? அந்த இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்களுக்குத் தெரியாது. நம்ம குண்டூசி மேல போகுது பழி."

"யாரு, அந்த ஒல்லிப் பொண்ணா?" மாமியார் யோசித்தாள். "பாவம்," என்றாள். பிறகு, "இந்தப் பொடி ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கறது. மத்ததெல்லாம் உங்க கைக்குப் போயிடுச்சு. இதையும் ஊருக்குச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். மருமகளுக்குக் கோபப்படவும் முடியவில்லை. முறத்தை வாங்கி வைக்கவும் கை வரவில்லை. வியாழக்கிழமை காலை வழக்கம்போல் டப்பா வந்து சேர்ந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. அதைக் காரின் முன்சீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். நடுவயது, பேச்சுக் குறைவு. கிரைண்டர்களைப் பார்த்தாள், சரக்கறையைப் பார்த்தாள், சீட்டுகளைப் புரட்டினாள். எங்கேயும் கடலை இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அண்டா ஏற்றவில்லை, அதற்கு முந்தைய ஜாடிகளும் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன. அலுவலக அறைக்கு வந்து உட்கார்ந்து, கணவன் தயாரித்த அறிக்கையைப் படித்துவிட்டுக் குண்டூசியைக் கூப்பிடச் சொன்னாள்.

"எத்தனை கடலை விழுந்துச்சு?"

"தெரியலம்மா. நான் பாக்கல. ஆனா என்கிட்டதான் இருந்துச்சு."

"லேப்ல அளவு கொஞ்சம் அதிகமா காட்டுது."

"பொட்டலத்தோட விழுந்திருக்கும்மா," என்றாள் குண்டூசி. ஞாபகமில்லாததை ஞாபகப்படுத்த முயன்று முயன்று அவள் அதையும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தாள். "ஒரு சந்தேகத்துக்கு வேற ஜாடிகளையும் எடுத்துப் பரிசோதனை பண்ணலாம்னு நேத்து நாலு கடை ஏறினேன். ஒண்ணு கிடைக்கல. எல்லாம் வித்துப் போச்சுன்னாங்க. நல்ல வியாபாரம் போல." கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "ஒரு ஜாடியில மட்டும்னா தொழிலாளி தவறுன்னு முடிச்சுடலாம். எச்சரிக்கையோட போயிடும். இவங்கள வேலையிலிருந்து எடுத்துட்டு எனக்கு ஒரு கடிதம் அனுப்பிடுங்க. நீங்க இதுல கையெழுத்துப் போடுங்கம்மா."

கணவன் மூச்சு விடுவது மருமகளுக்குக் கேட்டது.  எந்தக் குழந்தையும் வாயில் வைத்துவிடக் கூடாது என்று இரண்டு நாளாக நாய் படாத பாடு பட்டுப் பொறுக்கினாளே, அந்த ஜாடிகள்தான் உண்மைக்கு இருந்த ஒரே சாட்சி. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, குண்டூசி தப்பிக்க இருந்த கடைசி வழியையும் தன் கையால் அடைத்து டிக்கியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள்.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் அறையை விட்டு வெளியே போனாள். கார் வாசலில் நின்றது. ஒரு பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். திரும்பிப் போய் அந்த எவர்சில்வர் டப்பாவையும் எடுத்து வந்தாள்.

"கடைங்கள்ல வாங்கினது நான்தான்," என்றாள். "கார்ல இன்னும் இருநூறு இருக்கு. எதை வேணா எடுத்துப் பாருங்க, எல்லாத்துலயும் கடலை இருக்கும். இது கடலைப் பொடி. எட்டு வருஷமா லேபிள்ல போடாம அண்டாவுக்கு நாலு பிடி போட்டுட்டு வரோம். போடறது நான். இவங்க பொட்டலத்துல இருந்து ஒண்ணும் விழல."

"என்ன பேசறே நீ?" என்றான் கணவன்.  அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து நாலாக மடித்து வைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சடங்கு மாதிரி வேகமாக நடந்தது. மூன்று ஜாடிக்குச் சீல் வைத்தாள். உற்பத்தியை நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதினாள். எல்லா ஊர்க் கடைகளிலிருந்தும் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், நாளைய பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும் என்றாள். எப்போது மறுபடி திறக்கலாம் என்று கணவன் கேட்டதற்கு, திறப்பதா என்பதே இனிமேல்தான் தெரியும் என்றாள். கூடத்தில் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாராவது திட்டினால்கூட மருமகளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் போன பிறகு மருமகள் குண்டூசிக்கான இரண்டு கடிதங்களையும் எழுதி, முத்திரை வைத்து, குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். குண்டூசி அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"திங்கட்கிழமை. மத்தியானம்."

"நான் அண்டாவைக் கொட்டினப்பவா?"

"அப்பவே தெரியும்."

குண்டூசி குழாயைத் திறந்தாள், மறுபடி மூடினாள். "செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சு அந்தப் புள்ள வீட்டுக்குப் போனேன் அக்கா. அவரு மேசைல வச்சுட்டுப் போன லேப் காகிதத்துல விலாசம் இருந்துச்சு. அவங்க அப்பாதான் கதவைத் திறந்தாரு. நான்தான் சார் உங்க பொண்ணுக்கு இப்படிப் பண்ணிட்டேன்னு சொன்னேன். என்ன வேலை, முன்னால எங்க இருந்தேன், எல்லாத்தையும் சொன்னேன். மறைக்கக் கூடாதுன்னு. அவரு ஒரு வார்த்தை திட்டல. என்னைப் பார்த்தாரு, அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குப் பழசு. அத விட்டு வெளிய வரத்தான் இங்க வந்தேன்."

 "நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் மருமகள்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னதும் பத்தாது. வண்டியை எடுங்க. அவர்கிட்ட நீங்க சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."

பின்சீட்டில் ஜாடிப் பெட்டிகள் இருந்ததால் குண்டூசி முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. வழி நெடுக இடது, வலது என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

மூன்றாவது மாடி. உள்ளே தொலைக்காட்சி ஓடியது. நடுவில் ஒரு சிறுமியின் இருமல் கேட்டது. குண்டூசிதான் மணியை அழுத்தினாள். கதவு திறந்தது. அந்தத் தகப்பன் முதலில் பார்த்தது குண்டூசியைத்தான். முகம் இறுகிப்போய், உள்ளே இருப்பவளுக்குத் தெரியாமல் இருக்க, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலில் குறுக்கே நின்றார்.

"என்னைப் பாக்காதீங்க சார்," என்றாள் குண்டூசி. "இவங்களப் பாருங்க."

அவர் திரும்பினார். மருமகள் வரும் வழியெல்லாம் நாலைந்து வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். குடும்பப் பக்குவம், பழைய கூட்டாளி, சரக்கறைச் சீட்டு எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. அவர் கண்ணைப் பார்த்ததும் அதில் ஒன்றும் உதவாது என்று தெரிந்துவிட்டது.

"நீங்க ரெண்டு தடவை படிச்சீங்க சார்," என்றாள். "அதை எழுதினது நான். கடலை போட்டதும் நான்தான்."